மைக்ரோகன்ட்ரோலருக்கு எந்தக் கம்பைலர்? காரைக்குடி வட்டார வேலைகளை வைத்து ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் ஏற்றிக் கருவிகளை இயக்கும் சிறு சிப்) வைத்துச் செய்யும் வேலைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். பெரிய வீடுகளில் போர்வெல்லிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கன்ட்ரோலர் ஒன்று. அரிசி ஆலையில் டிரையர், பாய்லர் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவு செய்யும் பேனல் இன்னொன்று. மூன்றாவது, கல்லூரி புராஜெக்டும் ஆய்வுக்கூடக் கருவியும். மின்வேதியியல் ஆய்வுக்கென்றே செக்ரி என்ற மத்திய ஆய்வு நிறுவனம் 1953-லிருந்து இயங்கும் ஊரில் பேட்டரி லாகர் (பதிவுக் கருவி), பொட்டென்ஷியோஸ்டாட் (மின்முனையின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஆய்வுக் கருவி) செய்து பார்க்கும் மாணவர்களுக்குக் குறைவிருக்காது.

இந்த மூன்றுக்கும் ஒரே கம்பைலர் (எழுதிய நிரலைச் சிப்புக்குப் புரியும் வடிவமாக மாற்றும் மென்பொருள்) பொருந்தாது. ஆனால் மூன்றையும் அளக்க ஒரே கேள்வி போதும். போர்டைச் செய்தவர் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆன பிறகு, இங்கேயே இருக்கும் இன்னொருவர் அதே சோர்ஸை (மூல நிரலை) எடுத்து, ஒரு வரியை மாற்றி, கம்பைல் செய்து, சிப்பில் ஏற்ற முடியுமா? கோட் அளவு, வேகம், நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇ-யின் அழகு எல்லாம் இதற்குப் பிறகுதான். தொட்டி கன்ட்ரோலரும் ஆலைப் பேனலும் மாட்டிய இடத்தில் பத்து வருஷம் இருக்கப்போகிறவை.

சிப்பை இடம் முடிவு செய்யும்

கம்பைலரை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. சிப் முடிவானால் பாதி வேலை முடிந்தது. வைஃபை உள்ள இஎஸ்பி32 மலிவு என்பதற்காக எல்லாவற்றுக்கும் அதையே எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. செட்டிநாட்டு வீட்டில் முதலில் அளக்க வேண்டியது சிக்னலைத்தான். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தடித்த சுண்ணாம்புச் சுவர்கள். முகப்பில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் பின்கட்டு மோட்டார் அறைக்கு வரும்போது அறுந்து அறுந்துதான் வரும். அந்த இடத்துக்கு ஆர்எஸ்-485 என்ற தகவல் தொடர்பு முறையில் ஓர் இரட்டை ஒயர் போதும்: இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகம், ஆண்டுக்கணக்கில் பிரச்சினை இல்லை. வைஃபை தேவையில்லை என்றான பிறகு இஎஸ்பி32-ம் அதன் பெரிய டூல்செயினும் (கம்பைலர் முதலான கருவித் தொகுப்பும்) எதற்கு?

ஏவிஆர்: ஆர்டுயினோவா, வெறும் ஜிசிசியா?

ஒரு தொட்டி, ஒரு மோட்டார், நான்கு லெவல் சென்சார், மோட்டாரை இயக்கி நிறுத்தும் ஒரு கான்டாக்டர். இதற்கு ஏவிஆர் குடும்பச் சிப்பான ஏடிமெகா328பி தாராளம். 32 கேபி ஃபிளாஷ், 2 கேபி ரேம், மின்சாரம் போனாலும் தரவு அழியாத 1 கேபி ஈப்ராம். ஆர்டுயினோ ஐடிஇ உள்ளே அழைப்பதும் ஏவிஆர்-ஜிசிசி என்ற கம்பைலரைத்தான்; மைக்ரோசிப் ஸ்டூடியோவில் வழக்கமாகப் பயன்படுவதும் அதே. எனவே இங்கே ஒப்பிட வேண்டியது கம்பைலரை அல்ல, அதன் மேல் உள்ள சூழலை.

எல்இடி மினுக்கும் சிறு நிரல் ஆர்டுயினோவில் ஏறத்தாழ 900 பைட் வரும். ரெஜிஸ்டரை நேரடியாக எழுதி ஜிசிசியில் கம்பைல் செய்தால் 200 பைட்டுக்குள் நிற்கும். இதைக் காட்டி ஆர்டுயினோவை ஒதுக்குபவர்கள் உண்டு. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி டைமர், மில்லிஸ் போன்றவற்றுக்கான ஒருமுறைச் செலவு. நிரல் வளர வளர அதுவும் கூடவே பெருகாது. 32 கேபியில் 700 பைட்டுக்காகச் சண்டை போட வேண்டாம்.

ஆர்டுயினோவின் உண்மையான குறை வேறு. ஐடிஇ நிறுவியதும் கம்பைலர் எச்சரிக்கைகள் எல்லாம் அணைக்கப்பட்டே இருக்கும். இது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரே வரி போதும். ஒரு நிமிஷம் காத்திருக்க டிலே ஃபங்ஷனுக்குள் 60 * 1000 என்று எழுதுகிறோம். ஏவிஆரில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட். 32767-க்கு மேல் தாங்காது. 60000 என்பது −5536 ஆகி, அதுவே குறியில்லாத 32 பிட் எண்ணாக மாறும்போது 4294961760 மில்லிசெகண்ட், அதாவது சுமார் 49.7 நாள் ஆகிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, போர்டு அசையாமல் நிற்கும். ஜிசிசி இதைக் கண்டுபிடித்துச் சொல்லும். ஐடிஇ அதன் வாயைக் கட்டி வைத்திருக்கிறது. பிரிஃபரன்சஸில் கம்பைலர் வார்னிங்ஸ் என்ற இடத்தில் "ஆல்" என்று மாற்றுவது முதல் வேலை. எண்களுக்குப் பின்னால் யுஎல் (குறியில்லாத 32 பிட் எண் என்ற அடையாளம்) சேர்த்து எழுதுவது இரண்டாவது.

அடுத்தது ரேம். ஏவிஆரில் நிரலுக்கும் தரவுக்கும் முகவரி இடம் தனித்தனி. அதனால் எல்சிடியில் காட்டும் ஒவ்வொரு வாசகமும் ஃபிளாஷில் ஒரு பிரதி, ரேமில் ஒரு பிரதி என்று இடம் பிடிக்கும். எஃப் மேக்ரோவுக்குள் போட்டால் ஃபிளாஷில் மட்டும் இருக்கும். குளோபல் மாறிகள் ரேமில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஐடிஇ நினைவகம் குறைவு என்று எச்சரிக்கும். அதைப் பார்த்தும் விட்டுவிட்டால், ஸ்டேக் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகம்) கீழே இறங்கி மாறிகளின் மேல் எழுதி, சில மணி நேரம் ஓடிய பிறகு விளங்காத தவறுகள் வரும். ஸ்ட்ரிங் கிளாஸை 2 கேபி சிப்பில் தொடாமல் இருப்பதே நல்லது; ஹீப் (ஓடும்போது தேவைக்கேற்ப எடுக்கும் நினைவகம்) துண்டு துண்டாகிவிடும். ஸ்பிரின்ட்எஃப்-இல் தசம எண் கேட்டால் கேள்விக்குறி மட்டும் வருவதும் கம்பைலரின் பிழை அல்ல. இடத்தை மிச்சப்படுத்த அந்தப் பகுதி லைப்ரரியிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. டிடோஸ்டர்எஃப் கொண்டு எழுதிக்கொள்ளலாம்.

மலிவு ஆர்டுயினோ நானோ போர்டில் "நாட் இன் சிங்க்" என்று வந்தால் ஒயரைச் சந்தேகிக்கும் முன் பிராசசர் மெனுவில் "ஓல்டு பூட்லோடர்" என்பதைப் போட்டுப் பாருங்கள். பூட்லோடர் என்பது யுஎஸ்பி கேபிள் வழியாக நிரலை ஏற்ற உதவும் சிறு நிரல்; பழையது 57600 பாட், புதியது 115200. யுஎஸ்பி ஏஎஸ்பி புரோகிராமர் வழியாக ஸ்கெட்சை (ஆர்டுயினோ நிரலை) ஏற்றினால் பூட்லோடர் அழிந்துவிடும். அதன்பின் யுஎஸ்பி கேபிளில் ஏற்ற முடியாது. தொட்டி கன்ட்ரோலருக்கு அது நல்லதும்கூட, மின்சாரம் வந்ததும் நிரல் உடனே ஓடும். அப்படியே பிரவுன்அவுட் ஃபியூஸையும் (எந்த வோல்டேஜுக்குக் கீழே சிப் நிற்க வேண்டும் என்ற அமைப்பு) 2.7 வோல்ட்டிலிருந்து 4.3 வோல்ட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப், வோல்டேஜ் தாழும்போது 2.7 வரை இழுத்துப் பிடித்தால் ஈப்ராமில் குப்பை எழுதிவிடும். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பரும் (மின் துள்ளலை அடக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் இணை) வேண்டும். இவை இல்லாமல் வரும் ரீசெட்டுகளைக் கம்பைலரை மாற்றி யாரும் சரி செய்ய முடியாது.

தொட்டி வேலைக்கு முடிவு: ஆர்டுயினோவே போதும், ஆனால் ஐடிஇ-யின் கையில் பதிப்பை விட்டுவிடாமல். இரண்டாம் தலைமுறை ஐடிஇ அடிக்கடி லைப்ரரியை அப்டேட் செய்யச் சொல்லும். ஒரு கிளிக்கில் பழைய நிரல் கம்பைல் ஆகாமல் போகலாம். கட்டளை வரியில் இயங்கும் ஆர்டுயினோ-சிஎல்ஐ-யில் ஸ்கெட்சுடன் ஒரு புரொஃபைல் ஃபைல் வைத்து, கோர் (போர்டுக்கான அடிப்படைத் தொகுப்பு) எந்தப் பதிப்பு, ஒவ்வொரு லைப்ரரியும் எந்தப் பதிப்பு என்று பூட்டிவிடலாம்.

8051, பிக்: கல்லூரி லேபில் இன்னும் இருப்பவை

பாடத்திட்டத்தில் 8051 என்ற பழைய சிப் குடும்பம் இருப்பதால் அதற்கான கெய்ல் சி51 கம்பைலர் எல்லா லேபிலும் இருக்கிறது. மதிப்பீட்டுப் பதிப்பின் வரம்பு 2 கேபி. ஏடி89எஸ்52-இன் ஃபிளாஷ் 8 கேபி. வாங்கிய சிப்பில் கால்வாசிதான் பயன்படும். எல்சிடி, ஆர்டிசி (கடிகாரச் சிப்), கீபேட் மூன்றையும் சேர்த்தால் வரம்பு முட்டும். அங்கிருந்து எஸ்டிசிசி என்ற கம்பைலருக்கு மாறுவது அரைநாள் வேலைதான். இலவசம், வரம்பு இல்லை. மாற்றும்போது தடுக்கும் இடங்கள் இவை: ஹெடர் ஃபைலின் பெயர் வேறு, எஸ்பிட் அறிவிப்பில் முகவரியை நேரடியாகத் தர வேண்டும், கெய்லின் சிறப்புச் சொற்களுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இன்டரப்ட் ஃபங்ஷன் (ஓடும் நிரலை இடைமறித்து ஓடுவது) வேறு ஃபைலில் இருந்தால் அதன் புரோட்டோடைப் மெயின் இருக்கும் ஃபைலிலும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வெக்டர் (இன்டரப்ட் வந்தால் எங்கே போவது என்ற குறிப்பு) உருவாகாது, எந்தப் பிழையும் காட்டாமல் கம்பைல் ஆகி, இன்டரப்ட் மட்டும் வேலை செய்யாது. வெளிவரும் ஐஎச்எக்ஸ் ஃபைலை பேக்ஐஎச்எக்ஸ் மூலம் சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் ஃபைலாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு கம்பைலருக்கும் பொதுவான ஒன்று உண்டு. 8051-இல் ரேம் குறைவென்பதால் உள்மாறிகள் ஸ்டேக்கில் போகாமல், ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் வைக்கப்படும். மெயினிலும் இன்டரப்டிலும் ஒரே ஃபங்ஷனை அழைத்தால் ஒன்றின் மாறியை இன்னொன்று அழிக்கும். கெய்ல் இதற்கு எல்15 என்ற எச்சரிக்கை தரும். "எரர் இல்லையே, வார்னிங்தானே" என்று அதைத் தாண்டிப் போவது நிச்சயம் பின்னால் வந்து நிற்கும்.

பிக்16எஃப்877ஏ சிப் வைத்த பழைய புராஜெக்டுகளை எம்பிலேப் எக்ஸ் ஐடிஇ-யில், எக்ஸ்சி8 கம்பைலரின் இரண்டாம் பதிப்போடு திறந்தால் இன்டரப்ட் அறிவிப்பிலேயே நிற்கும். புதிய பதிப்பு சி மொழியின் சி99 முறையில் வேலை செய்கிறது. ப்ராப்பர்ட்டீஸில் சி90-க்கு மாற்றினால் பழைய கோட் பெரும்பாலும் ஓடிவிடும். இலவச உரிமத்தில் இரண்டாம் நிலை ஆப்டிமைசேஷன் (கம்பைலர் கோடைச் செம்மையாக்குவது) வரை கிடைக்கும். அளவைச் சுருக்கும் நிலைக்குக் கட்டணம். கன்ஃபிகரேஷன் பிட்களை எழுதாமல் விட்டால் வாட்ச்டாக் (நிரல் முடங்கினால் ரீசெட் செய்யும் டைமர்) ஓடிக்கொண்டு சிப் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும்; எல்விபி (குறைந்த வோல்டேஜில் நிரலேற்றும் முறை) இயங்கி ஆர்பி3 பின் கைக்கு வராது. லேபில் பிக்கிட் 3 புரோகிராமர் மட்டுமே இருந்தால் எம்பிலேப் எக்ஸின் புதிய பதிப்புக்குப் போகாதீர்கள், அதன் ஆதரவை நீக்கிவிட்டார்கள். புதிதாகத் தொடங்கும் வேலைக்கு இந்த இரண்டு குடும்பத்தையும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். கற்பதற்கும் ஏற்கெனவே ஓடும் இயந்திரத்தைப் பழுது பார்ப்பதற்கும் மட்டுமே.

எஸ்டிஎம்32: ஆலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும்

அரிசி ஆலைப் பேனலில் ஒரு மோட்பஸ் (ஆலைக் கருவிகள் தகவல் பரிமாறும் முறை) லைன், ஒரு டிஸ்ப்ளே, சோதனைக்கு ஒரு சீரியல் போர்ட் என்று மூன்று வேண்டும். ஏடிமெகா328பி-யில் யுஆர்ட் (சீரியல் போர்ட்) ஒன்றே ஒன்று. சாஃப்ட்வேர் சீரியலை மோட்பஸுக்கு நம்ப முடியாது. எஸ்டிஎம்32எஃப்103சி8-இல் யூசார்ட் மூன்று, 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ரேம், 72 மெகாஹெர்ட்ஸ். இதற்கு எஸ்டிஎம்32க்யூப்ஐடிஇ கட்டணமில்லாமல் கிடைக்கிறது, உள்ளே ஜிசிசி. ஆர்டுயினோவில் சாதாரணமாகக் கிடைக்காத ஒரு வசதி இங்கே கைக்கு வருகிறது. எஸ்டி-லிங்க் என்ற இணைப்புக் கருவி வழியாக ஓட்டத்தை நிறுத்தி, மாறியின் மதிப்பைப் பார்த்து, ஒரு வரி ஒரு வரியாக நகர்த்தலாம். பொட்டென்ஷியோஸ்டாட் போன்ற கருவியில் பிழை கோடிலா, ஓபாம்பிலா என்று பிரித்தறிய வேறு குறுக்குவழி இல்லை.

இதில் முதல் நாளே விழும் குழி ஒன்று உண்டு. எஃப்1 குடும்பத்தில், தொடக்கக் கோடை உருவாக்கித் தரும் க்யூப்எம்எக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் டீபக் என்ற இடத்தில் "சீரியல் ஒயர்" என்று தேர்ந்தெடுக்காமல் கோட் உருவாக்கினால், முதல்முறை ஏற்றும்போது எல்லாம் சரியாக நடக்கும். அந்த நிரல் ஓடியதும் பிஏ13, பிஏ14 பின்களில் உள்ள டீபக் வசதியை அதுவே அணைத்துவிடும். இரண்டாம் முறை "டார்கெட் இல்லை" என்று வரும், சிப் செத்துப்போனதாகத் தூக்கிப் போடுவார்கள். பூட்0 பின்னை உயர்த்தி வைத்து ரீசெட் கொடுத்து, அல்லது எஸ்டிஎம்32க்யூப்புரோகிராமரில் "கனெக்ட் அண்டர் ரீசெட்" முறையில் இணைத்து அழித்தால் சிப் மீண்டுவரும்.

இரண்டாவது குழி, "யூசர் கோட் பிகின்", "யூசர் கோட் எண்ட்" என்ற குறிப்புகளுக்கு வெளியே எழுதுவது. ஒரு பின்னை மாற்றி மறுபடி கோட் உருவாக்கியதும் அது அத்தனையும் போய்விடும். மூன்றாவது, இன்டரப்டுக்குள் ஹால் லைப்ரரியின் டிலேயை அழைப்பது. அந்த டிலேக்கு எண்ணிக்கை தரும் சிஸ்டிக் டைமரின் முன்னுரிமை வழக்கமாகக் கடைசி என்பதால் எண் நகராமல் அங்கேயே நின்றுவிடும். பிரின்ட்எஃப்-இல் தசமம் வராவிட்டால் லிங்கர் அமைப்பில் ஃப்ளோட் ஆதரவை இயக்க வேண்டும். சில கேபி கூடும்.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ மலிவாகக் கிடைக்கும், இதே சிப் வைத்த புளூ பில் போர்டுகளில் எல்லாவற்றிலும் அசல் சிப் இருக்காது. க்யூப்ஐடிஇ அசலா என்று சோதித்துவிட்டு, இல்லையென்றால் டீபக் செய்ய மறுக்கும். ஓப்பன்ஓசிடி என்ற டீபக் மென்பொருளில் சிப் அடையாள எண்ணை மாற்றி ஓட்டலாம்தான். மாணவர் கற்பதற்கு அது சரி. ஆலையில் மாட்டும் பேனலுக்கு அசல் சிப்பே வாங்குங்கள். அங்கே மிச்சமாகும் நூறு, இருநூறு ரூபாய் அறுவடைக் காலத்தில் ஒரு நாள் ஆலை நின்றால் எந்த மூலைக்கும் காணாது.

க்யூப்ஐடிஇ எக்ளிப்ஸ் என்ற பெரிய மென்பொருள் மேல் கட்டப்பட்டது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப் கணினியில் திணறும், 8 ஜிபி இருந்தால் நிம்மதி. கணினி பழையது என்றால் விஎஸ் கோட் (எடிட்டர்), சிமேக் (கட்டும் முறையை எழுதும் கருவி), ஆர்ம்-ஜிசிசி (கம்பைலர்) என்ற கூட்டணி இலகுவானது. க்யூப்எம்எக்ஸ் இப்போது சிமேக் புராஜெக்டையே எழுதித் தருகிறது. நம் அளவுகோலில் இதற்குத்தான் கூடுதல் மதிப்பெண். கம்பைலர் ஒரு ஜிப் ஃபைல், எப்படிக் கட்டுவது என்பது ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஐடிஇ-யின் உள்ளே மறைந்திருக்கும் அமைப்பு எதுவும் இல்லை.

இஎஸ்பி32, பிகோ

சிக்னல் உள்ள இடத்தில், வெளியூரிலிருந்து தொட்டி நிலவரத்தைப் போனில் பார்க்க வேண்டுமென்றால் இஎஸ்பி32-க்கு இணை இல்லை. ஆர்டுயினோ கோரில் தொடங்குவது எளிது. ஆனால் மூன்றாம் பதிப்பு வந்தபோது எல்இடிசி ஃபங்ஷன்கள் மாறி, அவற்றால் பிடபிள்யூஎம் (வேகம், வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் மின்துடிப்பு முறை) வைத்த பழைய நிரல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. அதனால் பதிப்பைப் பூட்டுவது இங்கே இரட்டிப்புக் கட்டாயம். பிளாட்ஃபார்ம்ஐஓ என்ற கருவியில் அது ஒரே வரி. விற்பனைக்குச் செய்யும் பொருளென்றால் சிப் தயாரிப்பாளரின் இஎஸ்பி-ஐடிஎஃப் தொகுப்புக்கே போய்விடுவது நல்லது; ஒவ்வொரு நிலையான வெளியீட்டுக்கும் 30 மாத ஆதரவு என்று சொல்லியே வெளியிடுகிறார்கள். நிறுவும்போது கருவிகளைப் பெரிய அளவில் டவுன்லோடு செய்யும். ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் பாதியில் முறியும். சி டிரைவின் முதல் மட்டத்திலேயே சிறிய ஆங்கிலப் பெயரில் ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள். வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் அனலாக் படிக்காது என்பதை ஒயரிங் செய்வதற்கு முன்பே நினைவில் வைக்க வேண்டும்.

2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோவை இங்கே யாரும் அதிகம் கவனிப்பதில்லை. பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டு கேபிளைச் செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும். யுஎஃப்2 ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது. புரோகிராமரோ ஐடிஇ-யோ வேண்டாம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஃபைலை அனுப்பி, போனில் சொல்லிக்கொண்டே புதிய நிரலை ஏற்ற வைக்கலாம்.

கட்டணக் கம்பைலர்கள்

ஐஏஆர், கெய்ல் எம்டிகே இரண்டும் தரமானவை. பாதுகாப்புச் சான்று கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால், அல்லது கையில் வந்த பழைய கோடே அவற்றில் எழுதப்பட்டிருந்தால் வாங்குங்கள். மற்றபடி சிறு பட்டறைக்குத் தேவைப்படாது. ஒரே கணினியோடு கட்டிப் போடும் உரிமம் என்றால், அந்தக் கணினி மின்னல் வெட்டில் போனால் என்ன ஆகும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கெய்ல் எம்டிகே ஆறாம் பதிப்பின் கம்யூனிட்டி வடிவம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். படிப்பவருக்கு நல்ல வாய்ப்பு. பழைய கோட் ஆர்ம் கம்பைலர் 5-க்கு எழுதப்பட்டதா என்றும் பாருங்கள். புதிய எம்டிகே-யுடன் அது வருவதில்லை. கம்பைலர் 6 கிளாங் என்ற வேறொரு கம்பைலர் வழி வந்தது, பழைய அசெம்பிளி வரிகளை அப்படியே ஏற்காது.

எந்தக் கம்பைலரானாலும்

"டீபக்கில் ஓடியது, ரிலீஸில் ஓடவில்லை, கம்பைலர் சரியில்லை" என்ற புகார் எல்லா இடத்திலும் கேட்பது. க்யூப்ஐடிஇ-யில் டீபக் என்றால் ஆப்டிமைசேஷன் பூஜ்யம், ரிலீஸ் என்றால் அளவைச் சுருக்கும் நிலை. ஆலைப் பேனலில் இது எப்படி வெளிப்படும் என்று பாருங்கள். மோட்பஸில் பதில் அனுப்பி முடித்ததும் ஆர்எஸ்-485 சிப்பின் திசைப் பின்னைத் தாழ்த்த வேண்டும். "கடைசி பைட் போகும்வரை" என்று ஒரு வெற்று லூப்பை எண்ணவிட்டுக் காத்திருப்பார்கள். டீபக்கில் லூப் உண்மையிலேயே ஓடும். ரிலீஸில், பயனில்லாத லூப் என்று கம்பைலர் அதை நீக்கிவிடும். 9600 பாட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும் என்பதால் கடைசி பைட் பாதியில் வெட்டுப்படும், சிஆர்சி (தகவல் சரிபார்ப்பு) பிழை வரும். சரியான வழி, டிரான்ஸ்மிட் கம்ப்ளீட் கொடியைப் பார்ப்பது. டேட்டா ரெஜிஸ்டர் காலி என்ற கொடி போதாது, அது கடைசி பைட் முழுதாகப் போய் முடியும் முன்பே எழுந்துவிடும். இன்டரப்டும் மெயினும் பகிரும் மாறிக்கு வோலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்ற குறிப்பு) போடாததும் இதே வகை. 8 பிட் சிப்பில் வோலடைல் மட்டும் போதாது. 16 பிட் எண்ணின் ஒரு பாதியைப் படித்த நொடியில் இன்டரப்ட் வந்து மறுபாதியை மாற்றலாம், அதைப் படிக்கும்போது இன்டரப்டை நிறுத்தி வைக்க வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே ரிலீஸ் அமைப்பில் எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கி வேலை செய்வதே உத்தமம்.

ஒப்படைக்கும்போது பேனல் கதவுக்குள் ஒரு பென்டிரைவ் வைத்துவிடுங்கள். சோர்ஸ், லைப்ரரிகள் பதிப்போடு, கம்பைலரின் இன்ஸ்டாலர் அல்லது ஜிப், ஏற்றிய ஹெக்ஸ், ஃபியூஸ் மதிப்புகள், சர்க்யூட் படம். இதையே இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி. ஆலையின் சூட்டிலும் தூசியிலும் பென்டிரைவ் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. ஒப்படைக்கும் முன், அந்த பென்டிரைவை மட்டும் வைத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கணினியில் கம்பைல் செய்து, வரும் ஹெக்ஸைப் பழையதோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் முதலில் கோடில் தேதி, நேர மேக்ரோக்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அடுத்து, அசெர்ட் போன்றவை ஃபைலின் முழுப் பாதையை ஹெக்ஸுக்குள் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் எடுத்த பிறகும் ஒத்துவரவில்லை என்றால் ஏதோ ஒரு லைப்ரரியின் பதிப்பு பூட்டப்படாமல் இருக்கலாம்.